லுவாபுலா கப்பலுக்கு ஆள் தேவை

கசாமா
ஜூலை 3

அன்புள்ள மச்சான் லுசுங்குவுக்கு,

கபாசா எழுதுவது. இங்கே நானும் உன் அக்கா எனெலெசியும் நலம். குளிர்தான் உயிரை வாங்குகிறது. வீட்டிலுள்ள போர்வைகளையெல்லாம் உன் அக்கா தன்மேல் போட்டுக்கொண்டு, எனக்கு மேசைவிரிப்பை ஒதுக்கியிருக்கிறாள். நீ எப்படி இருக்கிறாய்? வேளாவேளைக்குச் சாப்பிடுகிறாயா? நீ பழுது பார்க்கும் மாவு மில்லெல்லாம் ஒழுங்காக ஓடுகின்றனவா?

தொலைபேசியில் கூப்பிட்டால் நீ "ம்" என்கிறாய். பதிலுக்கு நானும் "ம்" என்கிறேன். இதற்கு எதற்குத் தொலைபேசி என்று மின்னஞ்சலில் கடிதமாகவே எழுத உட்கார்ந்துவிட்டேன்.

விஷயம் இதுதான். என் கப்பலுக்கு ஆபத்து. நில அளவை அலுவலகத்தில் பகல் முழுக்கச் சங்கிலி பிடிக்கிற ஐம்பத்து மூன்று வயதுக்காரன், பதினோரு வருஷமாக இணையத்தில் 'லுவாபுலா' என்ற விண்வெளிக் கப்பலுக்குத் தலைவன் என்பது ஊரறிந்த அவமானம். உனக்கும் தெரியும். ஆனால் என்ன விளையாட்டு என்று நீ ஒருநாளும் கேட்டதில்லை. ஆளுக்கொரு வேஷம். ஒருவர் மருத்துவர், ஒருவர் மாலுமி, ஒருவர் இயந்திர மனிதன். அவரவர் வேஷத்தில் நின்று ஒரு பத்தி எழுத வேண்டும். அடுத்தவர் அங்கிருந்து பிடித்துக்கொண்டு தொடர வேண்டும். படம் கிடையாது, துப்பாக்கிச் சத்தம் கிடையாது, வெறும் எழுத்து.

ஒருகாலத்தில் பதினான்கு பேர் இருந்தோம். இன்றைக்கு மூன்று பேர். நான், பின்லாந்தில் நூலகராக இருக்கும் ஐனோ அம்மாள், ஒரு பிரேசில்காரர். ஐனோதான் கப்பலின் மருத்துவர். பிரேசில்காரர் இயந்திர மனிதன். "ஆம்", "இல்லை" தவிர எதையும் எழுதமாட்டார். இதுபோன்ற நாற்பது கப்பல்களுக்கு இடம் தந்திருக்கும் 'தாரகைத்துறை' தளத்தின் சபை, எச்சரிக்கை அனுப்பிவிட்டது. நவம்பர் 30க்குள் ஆறு பேர் எழுதாவிட்டால் கப்பல் கலைக்கப்படும். பதினோரு வருஷக் கதையும் ஒரே சொடுக்கில் அழிந்துவிடும்.

நானும் சும்மா இருக்கவில்லை. தேவாலயப் பலகையில் "விண்வெளிக்கு ஆள் தேவை" என்று எழுதி ஆணியடித்து மாட்டினேன். பாடகர் குழுத் தலைவர் என்னை ஓரமாக இழுத்துப்போனார். "அண்ணே, கடைசி நாள்ல கர்த்தர் நம்மள மேல எடுத்துக்குவார்ல, அந்த விஷயமா இது? இல்ல வேற ஏதாச்சுமா?"

"வேற ஏதாச்சும்" என்றேன். மறுநாள் பலகையில் ஆணி மட்டும் இருந்தது.

எஞ்சின் அறை காலியாக இருக்கிறது. நீ சேர்ந்தால் எனக்குப் பெரிய உதவி. வற்புறுத்தவில்லை. உன் மனநிலை எனக்குப் புரிகிறது.

உன் நலம் வேண்டும்,
கபாசா


சிபாட்டா
ஆகஸ்ட் 2

அன்புள்ள அத்தானுக்கு,

நலம். அக்காவின் மூட்டு வலி எப்படி இருக்கிறது என்று எழுதுங்கள்.

உங்கள் கடிதத்தைத் தவோங்கா இருந்திருந்தால் சத்தமாகப் படித்துப் பக்கத்து வீட்டையும் எழுப்பியிருப்பாள். மனைவியைப் புதைத்து ஏழு மாதம் ஆகிறது. எனக்கு இப்போது விளையாட்டு வராது, அத்தான். மன்னியுங்கள்.

வணக்கத்துடன்,
லுசுங்கு


கசாமா
ஆகஸ்ட் 9

அன்புள்ள மச்சானுக்கு,

உன் கடிதம் கண்டு மகிழ்ச்சி. அக்காவின் மூட்டு தேவலை. என்னைத் திட்ட எழுந்து வரும் வேகத்தைப் பார்த்தால் மூட்டில் ஒன்றும் இல்லை என்றே தோன்றுகிறது.

நீ வரவேண்டாம். ஓய்வெடு. ஆனால் செய்தியைக் கேட்பதில் தவறில்லை: நாலாவது ஆள் கிடைத்துவிட்டார். மபாலா சாலைத் தடுப்பில் நிற்கிற கான்ஸ்டபிள் சிச்சுலா. என் வண்டியை நிறுத்தினார்.

"தீயணைப்பான் இருக்கா?"

"இல்ல சார்."

"எச்சரிக்கை முக்கோணம் ரெண்டு இருக்கா?"

"ஒண்ணு இருக்கு சார்."

"என்ன வேலை பாக்குற நீ?"

எனக்கு எங்கிருந்து துணிச்சல் வந்ததோ, "விண்வெளிக் கப்பல் தலைவர்" என்றேன். அரை மணி நேரம் விசாரித்தார். கடைசியில் அபராதம் போடாமல், "அங்க பாதுகாப்புக்கு ஆள் இருக்கா?" என்று கேட்டார்.

சேர்ந்த அன்றே வியாழன் கிரகத்துக்குப் பக்கத்தில் சாலைத் தடுப்பு போட்டுவிட்டார். இரண்டு வாரமாகப் பதினேழு கப்பல்கள் வரிசையில் நிற்கின்றன. ஒன்றிலும் முக்கோணம் இல்லை. கதை ஓர் அங்குலம் நகரவில்லை. ஐனோ அம்மாள் மிகவும் மரியாதையாக, "இது எப்போது முடியும்?" என்று கேட்டிருக்கிறார்.

தளத்தின் முகவரியைக் கீழே தந்திருக்கிறேன். சேரத்தான் வேண்டும் என்றில்லை. சும்மா பார்.

அன்புடன்,
கபாசா


சிபாட்டா
ஆகஸ்ட் 30

அன்புள்ள அத்தானுக்கு,

நலம். நீங்களும் அக்காவும் நலமாக இருக்க வேண்டுகிறேன்.

மில்லில் மின்சாரம் போய்விட்டது. பெண்கள் மக்காச்சோள மூட்டைகளோடு வரிசையில் உட்கார்ந்திருந்தார்கள். வேறு வேலை இல்லாததால் உங்கள் கப்பலைப் படித்தேன். அந்த எஞ்சினைப் பற்றி எழுதியவர் யார்? வாழ்நாளில் ஒரு மாவு மில்லையாவது திறந்து பார்த்திருக்கிறாரா? அவ்வளவு வேகத்தில் சுற்றுகிற தண்டுக்கு ஒரே ஒரு பேரிங்! ஒளியின் வேகம் இருக்கட்டும், அது ஒரு மூட்டை சோளத்தைக்கூட அரைக்காது. படித்ததிலிருந்து எனக்குத் தூக்கம் சரியில்லை.

எஞ்சின் அறைக்கு வருகிறேன். அதைச் சரிசெய்யும்வரை மட்டும்.

இன்னொன்று கேட்க வேண்டும். நீங்கள் பெம்பா இனம், நான் ங்கோனி இனம்; ஒருவரையொருவர் ஏசிக்கொள்வதுதான் நம் இரண்டு இனங்களின் வழக்கம். அக்காவுக்குக் கல்யாணம் ஆன நாளிலிருந்து நீங்கள் என்னைப் பெயர் சொல்லிக் கூப்பிட்டதில்லை, எலி தின்னி என்றுதான் கூப்பிட்டீர்கள். ஜனவரிக்குப் பிறகு ஒருமுறைகூடச் சொல்லவில்லை. இங்கேயும் எல்லோரும் என்னிடம் முட்டையைப் பிடிப்பதுபோலப் பேசுகிறார்கள். நீங்களுமா? ஏன்?

வணக்கத்துடன்,
லுசுங்கு


கசாமா
செப்டம்பர் 1

அன்புள்ள தலைமை எஞ்சினியருக்கு,

வருக! ஐந்தாவது ஆள்! இன்னும் ஒரே ஒருவர் வேண்டும்.

உன் கேள்விக்குப் பதில் கப்பலில் காத்திருக்கிறது. போய்ப் பார்.

தலைவர் கபாசா


சிபாட்டா
செப்டம்பர் 24

அன்பும் இல்லாத, பண்பும் இல்லாத அத்தானுக்கு,

நான் நலம். நீர் நலமாக இருந்தால் அது அக்காவின் பொறுமை.

"புதிய எஞ்சினியர் ஏறிய நாளிலிருந்து ஆய்வுக்கூடத்து எலிகள் ஒவ்வொன்றாக ராஜினாமாக் கடிதம் கொடுக்கின்றன" என்று எழுதினீரே, அதை மில் வரிசையில் சத்தமாகப் படித்தேன். அதற்கு நான் எழுதிய பதிலையும் படித்தேன்: "தலைவர் காட்டுக் கிரகத்தில் இறங்கினார். மூன்று நாளாகியும் அங்குள்ள குரங்குகள் மரத்தைவிட்டு இறங்கவில்லை. பெம்பாக்காரரின் பசி அண்டம் முழுக்கத் தெரிந்திருக்கிறது."

டொரிகா ஷாவா என்று ஒரு அம்மா, சந்தையில் வேர்க்கடலை விற்கிறவர். மூட்டையை அப்படியே போட்டுவிட்டு வந்தார்.

"யாருப்பா அந்தக் குரங்கு தின்னி? நம்ம ஆளையா அப்படிச் சொல்றான்?"

"என் அக்கா புருஷன்மா."

"யாரா இருந்தா என்ன? அந்தக் கப்பல்ல எனக்கும் ஒரு வேலை போட்டுக் குடு. சமையக்கட்டா இருந்தாலும் சரி. அவன் தின்ற ந்ஷிமாக் களியில மண்ணள்ளிப் போடுறேன்."

போட்டுக் கொடுத்துவிட்டேன். நேற்று அவர் எழுதிய முதல் பத்தியைப் பார்த்திருப்பீர். உமக்கு ஆறாவது ஆள் கிடைத்துவிட்டார். இனி உமக்குச் சாப்பாடு கிடைக்குமா என்பதுதான் சந்தேகம்.

நான் சிரித்ததில் மில்காரர் மாவரைப்பதை நிறுத்தி எட்டிப் பார்த்தார். எஞ்சின் இன்னும் சரியாகவில்லை. இன்னும் கொஞ்ச நாள் இருக்க வேண்டியிருக்கும்.

லுசுங்கு


கசாமா
அக்டோபர் 10

அன்புள்ள மச்சானுக்கு,

உடம்பு நலம், மனசு நலமில்லை. கப்பலுக்கு முத்திரை வைத்துவிட்டார்கள்.

தப்பு முழுக்க என்னுடையது. நீ சேர்வதற்கு முன்பு ஐனோ அம்மாளுக்குத் தனியாக எழுதியிருந்தேன்: "வரப்போகிறவர் மனைவியை இழந்தவர். அவரிடம் மென்மையாக நடந்துகொள்ளுங்கள்." பாவம், அவர் அப்படியே நடந்துகொண்டார். எஞ்சின் அறைக்குத் தினமும் சூடாகக் கஞ்சி அனுப்பினார். அப்புறம் பார்த்தால், மென்மையாக நடக்கச் சொன்ன அதே ஆள் மூன்று வாரமாக அந்தத் துக்கக்காரரை எலி தின்னி என்று ஏசுகிறான். அந்த அம்மாளுக்கு அழுகையே வந்துவிட்டதாம். சபையில் புகார் கொடுத்துவிட்டார். நானாக இருந்தாலும் கொடுத்திருப்பேன்.

நான் விளக்கம் எழுதினேன். அதை எழுதாமலே இருந்திருக்கலாம். "ஐயா, அம்மா, இது பகை இல்லை. முற்காலத்தில் எங்கள் ஆட்களும் அவர்கள் ஆட்களும் ஒருவரையொருவர் வெட்டிக்கொண்டார்கள். அதனால்தான் இப்போது ஏசிக்கொள்கிறோம்" என்று எழுதினேன். "அப்படியானால் இது பழைய இனப்போரின் தொடர்ச்சியா?" என்று கேட்டார்கள். "இல்லையில்லை, இது பாசம். சாவு வீட்டில்கூட ஏசுவோம், பிணத்தையும் விடமாட்டோம்" என்று எழுதினேன். அதற்கு இதுவரை பதில் இல்லை.

நவம்பர் 20 அன்று விசாரணை. அதுவரை யாரும் எழுதக்கூடாது. புகார் நிரூபணமானால் 30ஆம் தேதிவரைகூடக் காத்திருக்கமாட்டார்கள். பிரேசில்காரர் விலகிவிட்டார். "இல்லை" என்று ஒரு சொல் எழுதியிருந்தார். ஆகவே மறுபடி ஐந்து பேர்.

உன்னிடம் வாக்குமூலம் கேட்பார்கள். நீ ஒரு நல்ல வார்த்தை சொல்லக் கூடாதா?

கபாசா


சிபாட்டா
அக்டோபர் 20

அன்புள்ள அத்தானுக்கு,

நலம். அக்காவுக்கு என் வணக்கம்.

சபை கேட்டிருக்கிறது: "உங்கள் மனைவி இறந்த துக்கத்தின்போது இவர் உங்களை இழிவுபடுத்தினாரா?" நான் உண்மையைத்தான் எழுத வேண்டும். உண்மை என்னவென்றால், நீங்கள் துக்கத்துக்கு வரவே இல்லை. வழியில் செரென்ஜே ஊருக்கு அருகே வண்டி பழுதாகிவிட்டது என்று சொல்லியனுப்பினீர்கள்.

அன்றைக்கு முந்நூறு பேர் இருந்தார்கள். பெம்பாக்காரர் ஒருவர்கூட இல்லை. எல்லோரும் மெதுவாகப் பேசினார்கள். நான் தலைகுனிந்து நின்று காத்திருந்தேன். பின்னாலிருந்து யாராவது வந்து, "எலி தின்னிகளா, குழியை ஏண்டா இவ்வளவு சின்னதா வெட்டியிருக்கீங்க, எலி வளைன்னு நெனச்சீங்களா?" என்று கத்துவார்கள் என்று. அப்படி ஒரு குரல் வந்திருந்தால் நான் அழுதிருப்பேன். வரவில்லை. நான் அழவுமில்லை. இன்றுவரை.

நான் மெக்கானிக், அத்தான். செரென்ஜேயில் உங்கள் வண்டிக்கு என்ன பழுது என்று ஒரு நாளாவது சொல்வீர்கள் என்று பார்த்தேன். நீங்கள் சொல்லவே இல்லை.

ஏன் வரவில்லை? உங்கள் பதில் வந்த பிறகுதான் சபைக்கு எழுதுவேன்.

லுசுங்கு


கசாமா
நவம்பர் 4

லுசுங்கு,

இரண்டு வாரமாக இந்தக் கடிதத்தை எழுதுகிறேன். நலம் விசாரிக்க எனக்கு முகமில்லை.

வண்டி பழுதாகவில்லை. வண்டியே எடுக்கவில்லை. பேருந்தில் வந்தேன். சிபாட்டாவரைக்கும் வந்தேன்.

பேருந்து நிலையத்தில் இறங்கி ஒரு பெஞ்சில் உட்கார்ந்தேன். துக்க வீட்டில் நான் போடவேண்டிய கோமாளி வேஷத்துக்கு உன் அக்காவின் பழைய பாவாடை பையில் இருந்தது. உங்கள் வீட்டுக்கு நடந்தால் இருபது நிமிஷம். வாசலில் நுழைந்ததும் சொல்வதற்கு ஒரு வசவு வேண்டும். ஒன்றே ஒன்று. யோசித்தேன். வாய் வற்றாதவன் என்று இருபத்தைந்து வருஷமாகப் பெயரெடுத்தவனுக்கு ஒன்றும் வரவில்லை. நான் எதைச் சொன்னாலும் முதலில் சிரிக்கிறவள் தவோங்காதான். அவள் தொடங்கினால்தான் மற்றவர்கள் சிரிப்பார்கள். என் நகைச்சுவையில் பாதி அவளுடைய தொண்டையில் இருந்தது, மச்சான். அவள் சிரிக்காத முற்றத்தில் பாவாடை கட்டிக்கொண்டு நின்று நான் அழுதுவிட்டால் என்ன ஆகும் என்று பயந்தேன். அழுவதற்கு உங்கள் ஆட்கள் முந்நூறு பேர் இருந்தார்கள். என்னிடம் எதிர்பார்த்தது அதையல்ல.

வேர்க்கடலைப் பொட்டலம் ஒன்று வாங்கிக்கொண்டு அடுத்த பேருந்தில் திரும்பிவிட்டேன். துக்கத்துக்கு எனக்கு முன்பே வந்திருந்த உன் அக்காவிடமும் பொய்தான் சொன்னேன்.

எனக்காகச் சபைக்கு எதையும் எழுதாதே. கப்பல் போனால் போகட்டும்.

கபாசா


சிபாட்டா
நவம்பர் 13

அத்தான்,

சபைக்கு நான் அனுப்பியதை அப்படியே கீழே தருகிறேன்.

"சபையோருக்கு வணக்கம். நீங்கள் நலமா? உங்கள் வீட்டார் நலமா?

புகாரில் ஒரு திருத்தம். கபாசா முசெங்கே என்னை ஏசியது குற்றமல்ல. ஜனவரி முதல் ஆகஸ்ட் வரை ஏசாமல் விட்டாரே, அதுதான் குற்றம். எங்கள் வழக்கப்படி, நான் விழுந்து கிடக்கும்போது என்னைப் பார்த்துச் சிரிக்கிற உரிமை அவருக்கு உண்டு. அவர் சிரித்தால்தான், நான் செத்துப் போகவில்லை, என் மனைவிதான் செத்துப்போனாள் என்று எனக்குப் புரியும். அந்தக் கடமையைச் செய்யப் பயந்து ஓடிவிட்டார். செப்டம்பரில் உங்கள் தளத்தில்தான் பாக்கியைச் செய்யத் தொடங்கினார். பாதியில் நீங்கள் முத்திரை வைத்துவிட்டீர்கள். தயவுசெய்து திறந்துவிடுங்கள். எனக்கு இன்னும் எட்டு மாத ஏச்சு வரவேண்டியிருக்கிறது.

ஐனோ அம்மையாருக்கு: கஞ்சிக்கு நன்றி. நன்றாக இருந்தது."

உமக்குத் தனியாகச் சொல்ல ஒன்றுதான் இருக்கிறது. ஜனவரி 17 அன்று தவோங்காவின் கல்லறைக்கல் திறப்பு. வசவு எதுவும் தோன்றாவிட்டாலும் வாரும்.

லுசுங்கு


கசாமா
டிசம்பர் 1

அருமை மச்சானுக்கு,

நலம், நலம், நலம்! மழை பிடித்துவிட்டது. சந்தையில் நாங்கள் வறுத்துத் தின்னும் கம்பளிப்புழு வந்துவிட்டது. எலி தின்கிற வாய்க்கு அதன் ருசி எங்கே தெரியப்போகிறது.

சபையில் தெனேபா கூலிபாலி என்று ஒரு அம்மாள், மாலி நாட்டில் பமாக்கோக்காரர். உன் வாக்குமூலத்தைப் படித்ததும் மற்றவர்களுக்கு எழுதினாராம்: "இதைப் புகார் என்று என்னிடம் கொண்டுவந்தீர்களே! எங்கள் ஊரில் என்னை ஒரு நாளைக்குப் பத்துப் பேர் தட்டைப்பயறு தின்னி என்கிறார்கள். ஒருநாள் யாரும் சொல்லாவிட்டால் எனக்குக் காய்ச்சலோ என்று நெற்றியைத் தொட்டுப் பார்ப்பேன்." முத்திரை உடைந்தது. அவரையே ஆறாவது ஆளாக வரச்சொல்லிக் கெஞ்சினேன். சபை உறுப்பினர் கணக்கில் சேரமாட்டாராம்.

ஐனோ அம்மாள் மன்னிப்புக் கேட்டு மூன்று பக்கம் எழுதினார். தன்னையும் யாராவது ஏசுவார்களா என்று வெட்கத்தோடு கேட்டிருந்தார். டொரிகா அம்மாவிடம் ஒப்படைத்திருக்கிறேன். ஐனோவின் முதல் வசவு: "சமையல்காரரே, உங்கள் குழம்பில் உப்பு சற்று அதிகம்." மறுநாளே வருத்தம் தெரிவித்துவிட்டார். பழகிக்கொள்வார்.

நேற்று 30ஆம் தேதி. பிற்பகல் நாலு மணிவரை ஐந்து பேர்தான். கான்ஸ்டபிள் தன் மேலதிகாரியைக் கேட்டுப் பார்த்தார். மேலதிகாரி அவரை மருத்துவரிடம் போகச் சொன்னார். நான் கணினி முன்னால் கன்னத்தில் கைவைத்து உட்கார்ந்திருந்தேன். உன் அக்கா வந்தாள்.

"தள்ளுங்க."

"எதுக்கு?"

"தள்ளுங்கன்னா தள்ளணும். உங்களவிடப் பெரிய பதவி என்ன இருக்கு இதுல?"

"தளபதி. ஆனா அது..."

"அதப் போடுங்க."

இரண்டு விரலால் முக்கால் மணி நேரம் தட்டினாள். பதினோரு வருஷமாக அந்தத் திரைப்பக்கம் திரும்பாதவள். அவளுடைய முதல் பத்தி இது: "தளபதி எனெலெசியின் ஆணை. லுவாபுலா கப்பலின் தலைவர் ஜனவரி 17 அன்று சிபாட்டாவில் ஆஜராக வேண்டும். பேருந்து நிலையத்தோடு திரும்பி வந்தால் பதவி பறிக்கப்படும். வீட்டில் போர்வையும் கிடையாது."

படித்ததும் கேட்டேன்: "உனக்கு எப்படித் தெரியும்?"

"செரென்ஜேயில எவன் சிபாட்டா வேர்க்கடலை விக்கிறான்? ஜனவரியிலேயே தெரியும். நீங்களா சொல்வீங்கன்னு பாத்தேன்."

ஆக, ஆறு பேர். கப்பல் பிழைத்தது. அதில் மூன்று பேர் ங்கோனி. என் கதி என்ன ஆகுமோ.

கபாசா


நியிம்பா, பேருந்திலிருந்து
ஜனவரி 16

எலி தின்னிக்கு,

நீ நலமா என்று கேட்கமாட்டேன். நாளைக்கு நேரில் பார்த்துக் கெட்ட சேதியைத் தெரிந்துகொள்கிறேன்.

உன் அக்கா பக்கத்தில் உட்கார்ந்து குறட்டை விடுகிறாள். தளபதி என்னைக் காவலில் கொண்டுவருகிறாள் என்றுதான் சொல்லவேண்டும். கசாமாவில் ஏறியதிலிருந்து முப்பத்தெட்டு வசவுகள் தயார் செய்தேன். அவளிடம் வாசித்துக் காட்டினேன். இரண்டு தேறும் என்றாள். ஒன்று கல்லைப் பற்றி, இன்னொன்று உன் கோட்டைப் பற்றி. மற்றதற்கெல்லாம் தவோங்காவே சிரித்திருக்கமாட்டாள் என்றாள்.

இரண்டே வசவோடு ஒரு கல்லறைக்கு வருகிற பெம்பாக்காரன் நானாகத்தான் இருப்பேன். பரவாயில்லை. நாளை நீ அழுதால் நான் உன்னை ஏசாமல் விடமாட்டேன். நான் அழுதால், மச்சான், நீ என்னை விட்டுவிடாதே.

வந்துகொண்டிருக்கும்,
குரங்கு தின்னி